முதுகுன்றத்துப் பொன்னும் உரைகல்லும்

(திருக்குட நன்னீராட்டு விழாவையொட்டி, வேள்விச்சாலை வழிபாட்டு நாளன்று மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"பண்டைப் பாரதத்தில் விஞ்ஞானமும் கணிதமும் தொழில்நுட்பமும்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு குழுவினர் அடியேனைப் பணித்தனர். அடியேன் ஆதீனத் தமிழ்க் கல்லூரியில் இலக்கணமும் சாத்திரமும் பயின்றவன். பௌதிகமும் இரசாயனமும் முறையாகக் கற்றவனல்லன். இப்பொருளை இவனிடம் ஏன் ஒப்படைத்தனர் என்று சிலர் ஐயுறலாம். அவ்வையம் அடியேனுக்கும் உண்டு. "நம் முன்னோர் பெருமையைப் பேசுங்கள், அது போதும்" என்று செயலாளர் கூறிச் சென்றார். பெருமை பேசுதல் எளிது. பேசும் பெருமை மெய்யாக இருத்தல் வேண்டுமே என்னும் கவலைதான் அடியேனை இரண்டு வாரமாக உறங்கவொட்டாமல் செய்தது. அக்கவலைக்கு ஒரு பழைய காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

இவ்வூரில் இப்பொருளைப் பேசத் தொடங்குவார்க்கு வாயில் தேடி அலைய வேண்டுவதில்லை. மணிமுத்தாற்றங்கரையே வாயிலாக நிற்கின்றது. தம்பிரான் தோழராகிய சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருமுதுகுன்றத்து இறைவரிடம் பன்னீராயிரம் பொன் பெற்ற வரலாறு இங்குள்ள சிறுபிள்ளைகளும் அறிந்தது. திருவாரூரில் பரவையார்க்குப் பொன் வேண்டியிருந்தது. இறைவர் பொன்னை அளித்து, "இதனை மணிமுத்தாற்றில் இட்டு, ஆரூர்க் குளத்தில் எடுத்துக் கொள்க" என்று அருளினார். சுவாமிகள் அவ்வாறே செய்தார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்னும் பேச்சு வழங்குவதும் இதனாலேதான்.

இவ்வரலாற்றில் நாம் விரைந்து கடந்துபோகும் ஓரிடம் உண்டு. பொன்னை ஆற்றில் இடுவதற்கு முன்னர்ச் சுவாமிகள் அதிலிருந்து ஒரு சிறு துண்டினை வெட்டித் தம்மிடம் வைத்துக் கொண்டார் என்று சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். அத்துண்டிற்கு மச்சம் என்று பெயர். பொன்னின் தரத்தைப் பின்னர் ஒப்பிட்டுக் காண்பதற்காக முன்னரே வெட்டி வைத்துக்கொள்ளும் மாதிரி அது. ஆரூரில் கமலாலயத்திலிருந்து பொன் வெளிப்பட்டபோது, சுவாமிகள் அதனை உரைத்து மச்சத்தோடு ஒப்பிட்டார். மாற்றுக் குறைந்திருந்தது. மீண்டும் பாடினார்; பிறகே மாற்று ஒத்தது. அக்குளக்கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் எழுந்தருளியிருக்கின்றார்.

அன்பர்களே, இதனைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். கொடுத்தவர் யார்? முழுமுதற் கடவுள். பெற்றவர் யார்? அவருடைய தோழர். இருவர்க்கும் இடையில் ஐயம் என்பது சிறிதும் இல்லை. அங்ஙனமாயினும் மச்சம் வெட்டப்பட்டது; பொன் உரைக்கப்பட்டது; குறைவு குறைவென்றே சொல்லப்பட்டது. இறைவன் அளித்த பொன்னையே கல்லில் உரைத்துப் பார்த்த மரபு நம்முடையது. அவ்வாறு உரைத்தது பக்திக்கு இழுக்கு என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் எவரும் எண்ணவில்லை. உரைத்துப் பார்த்தலைப் பிள்ளையாரின் திருத்தொழிலாகவே வைத்து வழிபட்டனர்.

உரைகல்லின் இயல்பு எளியது. கரிய, நெருங்கிய மணியுடைய கல்லில் பொன்னை இழுத்தால் கோடு விழும். மாற்றுத் தெரிந்த பொன்னால் அதன் அருகே இன்னொரு கோடு இழுக்க வேண்டும். இரண்டின் நிறத்தையும் கண்ணால் ஒப்பிட வேண்டும். தேர்ந்த கண் கால் மாற்றுக் குறைவையும் கண்டுபிடிக்கும். பத்தரை மாற்றுத் தங்கம் என்று நாம் இன்றும் மனிதரைக்கூடப் புகழ்கிறோம். அச்சொல் உரைகல்லிலிருந்து வந்தது.

இதனை வெறும் கைத்தொழில் என்று ஒதுக்குதல் தகாது. அறிந்ததைக் கொண்டு அறியாததை அளத்தல், இரண்டினையும் ஒரே நிலையில் வைத்து ஒப்பிடுதல், பிறர் கண்ணுக்கும் புலனாகச் செய்தல் ஆகிய மூன்றும் இதில் உள்ளன. விஞ்ஞானம் என்பதற்கு வேறு என்ன வேண்டும்? ஏமாற்றுவார் ஏமாற்றும் வழியும் முன்னோர்க்குத் தெரிந்தே இருந்தது. நகத்தினிடையே காவிப் பொடியை மறைத்து வைத்துக் கோட்டின்மேல் உதிர்த்துப் பொன்னின் நிறத்தை மிகுத்துக் காட்டுவாரைக் கௌடிலீய அர்த்தசாத்திரம் பொன்னாய்வு பற்றிய பகுதியில் பிடித்துக் காட்டுகின்றது. ஆய்வோனையும் ஆய்தல் வேண்டும் என்று அந்நூலாசிரியர் கண்டிருந்தார்.

தொண்டை நாட்டு உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் பல உள்ளன. குடவோலைத் தேர்தலைக் கூறும் கல்வெட்டுகளை அனைவரும் புகழ்வர். அவ்வூரில் பொன் காண்பதற்கு, அதாவது மாற்றுப் பார்ப்பதற்கு, ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறையைக் கூறும் கல்வெட்டும் உண்டு. ஊரின் வெவ்வேறு பகுதியினரிலிருந்து அத்தொழிலறிந்தாரைத் தேர்ந்தனர். கோட்டில் ஒட்டிய பொன்துகளை எடுக்கும் மெழுகினையும் அவர்கள் தமக்கென வைத்துக் கொள்ளக்கூடாது. ஏரிவாரியத்தாரிடம் ஒப்படைத்தல் வேண்டும். மெழுகில் ஒட்டிய துகள் எவ்வளவு இருக்கும்? அதற்கும் ஒரு சபை கணக்குக் கேட்டது.

இனி, முன்னர்ச் சொல்லுகிறேன் என்ற காரணத்திற்கு வருகிறேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வூரிலேயே ஒரு மாலைக் கூட்டத்தில் இதே பொருளைப் பற்றி அடியேன் பேசினேன். அன்று உரைகல்லை மறந்துவிட்டேன். நம் முனிவர்கள் வானத்தில் விமானம் செலுத்தினார்கள் என்றும், அதற்கென்றே பலவகை உலோகங்களை உருக்கினார்கள் என்றும், அவற்றின் செய்முறைகள் சுவடிகளில் உள்ளன என்றும் முழங்கினேன். கைதட்டல் வானைப் பிளந்தது. கூட்டம் கலைந்தபின், பீங்கான் தொழிற்பேட்டையில் சூளைவேலை செய்யும் அன்பர் ஒருவர் ஒதுங்கி நின்று வணங்கினார். "ஐயா, ஒரு சந்தேகம். அந்த உலோகத்தை உருக்கின மூசை எந்த மண்ணால் செய்தது? எத்தனை சூடு தாங்கும்? சுவடியில் போட்டிருக்கிறதா?" என்று கேட்டார். பரிகாசமாகக் கேட்கவில்லை. தம் தொழிலுக்குப் பயன்படுமே என்று மெய்யாகவே கேட்டார். அடியேனுக்கு விடை தெரியவில்லை. "பார்த்துச் சொல்லுகிறேன்" என்று கூறித் தப்பினேன்.

மறுநாள் அவரே வந்து அடியேனைச் சூளைக்கு அழைத்துச் சென்றார். பியூஸ் கட்டைகளும் மின்கம்பிக்குரிய பீங்கான் கிண்ணங்களும் அடுக்கியிருந்தன. நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணோடு வேறு கற்பொடிகளும் சேர்த்துச் செய்தவை. அவை முற்றுவதற்கு 1,200 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும் என்றார். "அவ்வளவு வெப்பத்தை எப்படி அறிகிறீர்கள்?" என்று கேட்டேன். சிறு கூம்புகள் மூன்றினை எடுத்துக் காட்டினார். மண்ணும் கற்பொடியும் வெவ்வேறு அளவில் கலந்து செய்தவை. ஒவ்வொன்றும் ஒரு குறித்த வெப்பத்தில் இளகித் தலைசாயும். முதற்கூம்பு சாய்ந்தால் வேளை நெருங்கிற்று. நடுக்கூம்பு சாய்ந்தால் பதம். மூன்றாவதும் சாய்ந்துவிட்டால் சரக்குக் கெட்டது. சூளையின் சிறு துளை வழியாகக் காட்டினார். செந்தழலின் நடுவில் நடுக்கூம்பு தலைவணங்கி நின்றது.

மச்சம் என்று சேக்கிழார் சொன்னது அப்பொழுதுதான் அடியேனுக்கு விளங்கிற்று. முப்பதாண்டு பெரியபுராணப் பாடம் சொன்னவனுக்கு அதனை ஒரு சூளைத் தொழிலாளர் விளக்க வேண்டியிருந்தது.

அதன்பின் அந்த விமான நூலைத் தேடிப் படித்தேன். 1974-ஆம் ஆண்டிலேயே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சார்ந்த விமானப் பொறியியல் அறிஞர் ஐவர் அந்நூலை முற்றும் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டிருக்கின்றனர். அது பண்டை நூலன்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது என்றும், அதில் கூறிய ஊர்திகள் பறக்கக் கூடியனவல்ல என்றும் அவர்கள் காட்டினர். சமற்கிருதமும் அறிந்து, பொறியியலும் அறிந்து, இரண்டாலும் உரைத்துப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு அது. அடியேன் மேடையில் முழங்குவதற்குப் பலவாண்டுகள் முன்னரே வெளிவந்திருந்தது. தேடாமல் பேசிய பிழை அடியேனுடையது. அன்று கைதட்டியவர்களில் சிலர் இன்றும் இங்கே இருக்கலாம். அவர்களிடம் அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டிக் கொள்கிறேன்.

நமக்கு மெய்யான விமானம் வேறு உண்டு. கருவறையின்மேல் நிற்பது அது. தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தை நோக்குங்கள். அதன் நிழல் தரையில் விழாது என்பர். உச்சியிலுள்ள கல் எண்பது டன் நிறையுடைய ஒரே கல் என்பர். நிழல் விழுகின்றது. மாலையில் சென்று நின்றால் எவரும் காணலாம். உச்சியிலுள்ள சிகரமும் பல கற்களை இணைத்து அமைத்ததே என்று ஆய்ந்தவர் கூறுகின்றனர். அதனால் இராசராசன் சிறுமையுற்றானா? பல கற்களைச் சாந்தின்றி ஒன்றோடொன்று பொருத்தி, இரு நூறு அடிக்கு மேல் உயர்த்தி, ஆயிரம் ஆண்டு அசையாது நிற்கச் செய்தது ஒற்றைக் கல்லை ஏற்றுவதினும் அரியதன்றோ? பொய்யான புகழை ஏற்றிவைத்து மெய்யான திறமையை மறைத்து விட்டோம்.

அக்கோயிலின் கல்வெட்டுகளைப் படித்தவர்க்கு ஒன்று புலனாகும். 1010-ஆம் ஆண்டு, தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், விமானத்தின் தூபியில் வைக்கக் குடம் கொடுத்தான் இராசராசன். அக்குடத்தின் செம்பு 3,083 பலம். அதன்மேல் வேய்ந்த பொன் 2,926½ கழஞ்சு. அந்த அரைக் கழஞ்சினை விட்டுவிட்டால் அரசனுடைய புகழ் குறைந்திராது. ஆயினும் எழுதினார்கள். பொன்னை நிறுத்த கல்லிற்கு ஆடவல்லான் என்று பெயர். மணிகளை நிறுத்த கல்லிற்குத் தட்சிணமேருவிடங்கன் என்று பெயர். இறைவன் திருநாமத்தையே எடைக்கல்லிற்கு இட்டனர். முத்து வடத்தை நிறுத்தபோது சரடும் செப்பாணியும் சேர்த்து நிறுத்ததா, நீக்கி நிறுத்ததா என்பது கல்லில் உள்ளது. திருமேனிகளின் உயரம் முழத்தாலும் விரலாலும், விரலினும் சிறிய தோரையாலும் குறிக்கப்பட்டுள்ளது. இன்று நம் திருக்கோயிலுக்கு ஒரு நகை வந்தால், அதிலுள்ள அரக்கினைக் கழித்து எழுதுகிறோமா என்று கணக்கரைக் கேட்டேன். அவர் சிரித்தார்.

நிலக்கணக்கிலும் இதே நுட்பம். தமிழ்ப் பின்னவாயிலில் முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. அம்முந்திரிக்கும் கீழே, அதனை மீண்டும் முந்நூற்றிருபதாகப் பகுத்தால் கீழ்முந்திரி. இப்படிப் படிப்படியாக இறங்குவர். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த பழைய தலைமுறையினர் காலும் அரைக்காலும் காணியும் முந்திரியும் மனப்பாடமாகச் சொல்லுவர். சோழர் கல்வெட்டில் ஒரு வேலி நிலத்தில் 52,428,800,000-இல் ஒரு பங்குவரை கணக்கிட்டு வரியிட்டிருக்கின்றனர். நான்கு முந்நூற்றிருபதுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததை ஐந்தால் பெருக்கினால் இவ்வெண் வரும். வீட்டில் சென்று பெருக்கிப் பாருங்கள்.

இதனை மேடைகளில், "சோழர் அத்துணைச் சிறு நிலத்தையும் அளந்தார்கள்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். உரைத்துப் பார்ப்போம். ஒரு வேலி என்பது ஏறக்குறைய ஆறரை ஏக்கர். அதனை அவ்வெண்ணால் வகுத்தால் வருவது அரைச் சதுர மில்லிமீட்டர்! கடுகு ஒன்று உட்காரவும் அதில் இடம் போதாது. எந்தக் கோலைக் கொண்டு அதனை அளப்பது? அளக்கவில்லை. கோலால் அளந்தது முழமும் சாணுமாக. அளந்த நீள அகலங்களைப் பெருக்கி, வாய்க்காலுக்கும் வழிக்கும் நத்தத்திற்கும் கழித்து, எஞ்சியதைப் பகுத்தபோது வந்த மிச்சத்தை எங்கும் தள்ளிவிடாமல் கடைசிவரை எழுதினர். ஆகவே அஃது அளவையின் நுட்பமன்று, கணக்கின் நேர்மை. இவ்விரண்டிற்கும் வேற்றுமை பெரிது. நேர்மை என்பது அடியேனுக்கு நுட்பத்தினும் உயர்வாகத் தோன்றுகின்றது.

அளவை என்னும் சொல்லை இங்கே சற்று நிறுத்துகிறேன். சைவ சித்தாந்தம் பயின்றவர்க்கு இச்சொல் இருபொருள் தரும். மரக்காலும் அளவை, உண்மையை அறியும் கருவியும் அளவை. நமக்கு அண்மையிலுள்ள பெண்ணாகடத்தில் தோன்றிய மெய்கண்டாரும், திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியரும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இம்மண்ணில் வாழ்ந்தவர்கள். அருணந்தியார் தம் சிவஞான சித்தியாரைக் கடவுளிலக்கணத்தோடு தொடங்கிவிடவில்லை. முதலில் அளவையைச் சொன்னார். எதனை, எதனால் அறிந்தோம் என்று கணக்குக் கொடுத்த பின்னரே பதியைப் பற்றிப் பேசுகின்றார். காட்சியில் ஐயமும் திரிபும் கலக்கும் என்று எச்சரிக்கின்றார். மடத்தில் அப்பகுதியைப் பாடம் கேட்டபோது, "இஃது ஏன் முன்னே நிற்கின்றது? நேரே பொருளுக்குச் செல்லலாகாதா?" என்று அடியேன் சலித்துக் கொண்டதுண்டு. ஆசிரியர், "தராசு சரியா என்று பாராமல் சரக்கு நிறுப்பாயோ?" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார்.

வானநூலிலும் கணிதத்திலும் பெரியோர் எவ்வாறு நடந்து கொண்டனர் என்று பாருங்கள். ஆரியபடர் 499-ஆம் ஆண்டில், இருபத்து மூன்றாம் அகவையில், தம் நூலைச் செய்தார். விட்டம் 20,000 உடைய வட்டத்தின் சுற்று 62,832 என்றார். நான்கு பதின்மத் தானம்வரை இது சரி. சொன்னதோடு நில்லாமல், இஃது உண்மையை அணுகியது மட்டுமே என்னும் பொருள்படும் ஒரு சொல்லையும் சேர்த்தார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை வணங்கலாம். பிரமகுப்தர் 628-இல் சுழியத்தை ஓர் எண்ணாகவே கொண்டு கூட்டல் கழித்தல் விதிகளை வகுத்தார். உலகம் அவருக்குக் கடன்பட்டுள்ளது. சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தால் சுழியம் என்றும் அவரே சொன்னார், அது பொருந்தாது. பூமி தன்னைத்தானே சுற்றுகின்றது என்று ஆரியபடர் சொன்னதைப் பிரமகுப்தர் மறுத்தார். அங்கும் ஆரியபடரே சரி. பெரியோர் பெரியோரை மறுத்தனர். அதனால் எவரும் குலம் கெட்டதாகக் கூறவில்லை.

மலையாள நாட்டில், நிளா ஆற்றங்கரையில் வாழ்ந்த பரமேசுவரர் என்பார், கிரகணங்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கண்ணால் நோக்கி, கணக்கு வேறு, வானம் வேறாக இருப்பதைக் கண்டார். 1431-இல் திருக்கணிதம் என்னும் முறையை வகுத்தார். திருக்கு என்றால் காட்சி. கண்ணுக்குப் பட்டதோடு ஒத்த கணிதம். அவர் வழிவந்த நீலகண்டர், பழைய சித்தாந்தங்கள் ஒன்றோடொன்று மாறுபட்டால் என்ன செய்வது என்ற வினாவை எழுப்பி, வானத்தை நோக்கித் திருத்துக என்றே விடை கூறுகின்றார். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கம் வாக்கியமா திருக்கணிதமா என்று ஆண்டுதோறும் சண்டையிடுகிறோமே, அச்சொல்லின் வரலாறு இதுதான். எப்பஞ்சாங்கத்தைக் கொள்ள வேண்டும் என்று அடியேன் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. சொன்னால் வீடு போய்ச் சேர விடமாட்டீர்கள்.

இதனைச் சொல்லும்போது புதுச்சேரியில் நிகழ்ந்த இரு செய்திகளை விட்டுவிடலாகாது. முதற்செய்தியைப் பலர் பெருமையோடு சொல்வர். பிரான்சு நாட்டு வானநூலார் லெ ழாந்தி என்பவர், 1769-இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடக்கும் காட்சியைக் காணப் புதுச்சேரியில் காத்திருந்தார். அன்று மேகம் மூடிவிட்டது. பாவம், பல்லாண்டு உழைப்பு ஒரு காலைப்பொழுதில் கரைந்தது. அங்கிருந்த நாளில் தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணிதம் கற்றார். 1765 ஆகஸ்டு 30-ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழர் கணிதப்படி பார்த்தபோது 41 விநாடிதான் குறைந்தது. ஐரோப்பாவில் பெயர்பெற்ற மாயர் என்பவரின் வாய்பாட்டிலோ 68 விநாடி மிகுந்தது. கேட்க இனிக்கின்றது அல்லவா?

இரண்டாம் செய்தியை எவரும் சொல்வதில்லை. 1825-இல் வாரன் என்னும் அதிகாரி, தம் காலசங்கலித நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து, வாய்பாடுகளை மனப்பாடமாகச் சொல்லி, அவ்வாண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்த வரலாற்றைக் குறித்துள்ளார். ஏடு இல்லை, எழுதுகோல் இல்லை. சோழியும் நினைவும் மட்டுமே. தொடக்கம் 4 நிமிடமே பிழைத்தது. நடு 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிழைத்தன. அக்கணிதர் கணக்கைப் பிழையின்றிப் போட்டார். ஆயின் அக்கணக்கின் பின்னுள்ள வானநூற் கொள்கையை அவர் அறிந்திருக்கவில்லை என்றும் வாரன் எழுதுகின்றார்.

அடியேன் இரண்டாம் செய்தியை நினைந்து பலநாள் வருந்தியதுண்டு. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்னர் அமைத்த கணிதம் ஒருவர் நினைவில் சோழி உருவில் அத்துணைத் தூரம் நடந்து வந்தது வியப்பே. ஆனால் பரமேசுவரர் செய்தது போல அதனை வானத்தோடு ஒத்துப் பார்ப்பவர் அவர் பக்கத்தில் இல்லை. மச்சம் தொலைந்துவிட்டது. வாய்பாட்டைக் காத்தவர் ஒருபுறம். உரைத்துப் பார்க்கும் கையுடையவர் ஒருபுறம். தச்சரும் கொல்லரும் குயவரும் அறிந்ததைச் சுவடி எழுதியவர் கேட்டு எழுதவில்லை. சுவடியில் இருந்ததை அவர்களிடம் எடுத்துச் சொல்லவுமில்லை. சாதி வேற்றுமை இதில் எவ்வளவு தடையாயிற்று என்பதை இச்சபையில் விரிக்க வேண்டுவதில்லை, அறிவீர்கள். அடியேனுடைய மரபும் இப்பழியிலிருந்து நீங்கியதன்று. அறுபது எழுபது ஆண்டுச் சாத்திரப் பழக்கத்தில் ஒரு சூளையினுள் எட்டிப் பார்த்தது அந்த ஒரே நாள்தான்.

இப்பொழுது நம் கண்ணெதிரே நடப்பதைச் சொல்லி அமைகிறேன். இவ்விழாவில் ஆவுடையாருக்கும் திருமேனிக்கும் இடையே சாத்தப்படும் அட்டபந்தன மருந்து ஒரு சிறந்த இரசாயனக் கலவை. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டுப் பொருள்கள். அரக்கும் குங்கிலியமும் பற்றிப் பிடிப்பன. நீரை உள்ளே விடா. சுக்கானும் காவியும் உடல் தருவன. பஞ்சு நார், மருந்து பிளவாதபடி பிணைப்பது. மெழுகும் வெண்ணெயும் இளக்கம் தருவன. நாள்தோறும் அபிடேக நீரும் பாலும் எண்ணெயும் படும் இடத்தில் இம்மருந்து நிலைத்து நிற்கின்றது. காலப்போக்கில் இளக்கம் வற்றி இறுகி வெடிக்கும். ஆதலின் பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல். கல்லோடு கல்லை ஒட்டும் இவ்வித்தையைக் கண்டவர் யாரோ, பெயர் தெரியாது.

நேற்று மண்டபத்தில் மருந்து இடிக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். மூத்த ஸ்தபதியாரிடம், "ஐயா, எட்டிலும் எது எவ்வளவு?" என்று கேட்டேன். "என் தகப்பனார் கையளவு, சாமி. கோடையில் வெண்ணெயைக் குறைப்போம், மழைக்காலத்தில் கூட்டுவோம். இடிக்கிற சத்தத்திலேயே பதம் தெரியும்" என்றார். "உங்கள் பிள்ளைகள் இத்தொழிலில் இருக்கிறார்களா?" என்றேன். ஒருவர் சென்னையில் கணினித் தொழிலில் இருக்கிறாராம், ஒருவர் வளைகுடாவில். இருவரும் நன்றாயிருக்கின்றனர். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடியேனும் கேட்கவில்லை.

கல்வெட்டுகளின் நிலையும் இதுவே. செம்பியன் மாதேவியார் கற்றளியாக்கிய திருக்கோயில் நம்முடையது. வேறோர் ஊரில், திருப்பணி நிறைவேறிய கோயிலுக்குச் சென்றிருந்தேன். சுவர்கள் புதியனபோல் பளபளத்தன. முன்னர் அடியேன் விரலால் தடவிப் படித்திருந்த எழுத்துகள் அங்கே இல்லை, தேய்த்துவிட்டிருந்தனர். செய்தவர் பகைவரல்லர், நம்மைப் போன்ற பக்தர்களே, கைப்பொருள் கொடுத்துச் செய்தனர். சில கோயில்களின் அடித்தளத்தில் அக்கால நிலமளந்த கோலின் நீளம் இருமுனையும் குறியிட்டுப் பொறித்திருக்கும். அது வெறும் கீறல் போலவே தோன்றும். ஒருவர் அதனைத் தேய்த்துவிட்டால் ஒரு நாட்டின் அளவுகோலே அழிந்துபோகும். இங்கு நம் குழுவினர் ஒரு கல்லையும் தேய்க்கவில்லை என்பதனை அடியேன் சுற்றிவந்து பார்த்த பின்னரே சொல்லுகிறேன்.

ஸ்தபதியாரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். மருந்திற்கு எடுக்கும் எட்டுப் பொருளையும் அவர் தம் வழக்கப்படி கையளவாகவே எடுக்கட்டும். இடிக்குமுன் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து நிறுத்து, நாளும் வெயிலும் உட்பட எழுதி வைத்துக்கொள்ள நமக்கு ஒப்புதல் தரவேண்டும் என்று கேட்டேன். சற்று யோசித்தார். "எழுதினால் தவறில்லை சாமி. ஆனால் சத்தத்தை எப்படி எழுதுவீர்கள்?" என்றார். அடியேனிடம் அதற்கும் விடை இல்லை. சூளை அன்பரையும் அழைத்துவருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு ஏதேனும் தோன்றலாம்.

நாளை காலை ஏழு மணிக்கு இரண்டாம் முறை மருந்து இடிக்கத் தொடங்குவர். கடைவீதி நகைக்கடை அன்பர் ஒருவர் தராசு கொண்டுவர ஒப்பியிருக்கின்றார். கணக்கர் ஏட்டோடு வருவார். இயன்றவர்கள் காலத்தில் வாருங்கள்.

திருச்சிற்றம்பலம்.